அனந்தைக்குப் போகும் சாலை

தமிழ்நாட்டின் வரைபடத்தை விரித்து, நாஞ்சில் நாட்டார்க்கு உரிய பெருநகரம் எது என்று தேடுவோர் திருநெல்வேலியையோ மதுரையையோ சுட்டக்கூடும். நம் கால்கள் பழகிய திசை வேறு. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர் சென்றால் திருவனந்தபுரம். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியபோது குமரிமுனைச் சாலைதான் அதன் முதல் வழித்தடங்களுள் ஒன்று. ரயிலும் 1979-இல் இத்திசையிலிருந்தே நமக்கு வந்தது. நெல்லையோடு இருப்புப்பாதை இணைந்தது 1981-இல். எழுத்தாளர்கள் செல்லமாக ‘அனந்தை’ என்று சுருக்கிய அந்நகருக்கு ஆண்டில் நாலைந்து முறையேனும் போகாவிட்டால் நமக்கு ஏதோ குறைவுபட்டதுபோல் இருக்கிறது. இத்தனைக்கும் அந்நகரின் ஆட்சி வேண்டாம் என்று போராடிப் பிரிந்து வந்தவர்கள் நாம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கொடுத்துப் பிரிந்தவர்கள். விலகி வந்த ஊரின்மேல் இவ்வளவு விருப்பம் எங்ஙனம் தங்கிற்று?

முதலில் ஒரு சிறு தெளிவு. கறாராகச் சொன்னால் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் பழைய வேணாட்டைச் சேர்ந்தவை. பேச்சுவழக்கில் மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரையிலும் அந்தத் தாராளம் உண்டு.

1795 வரை தலைநகரம் நம்மிடமே இருந்தது. கார்த்திகைத் திருநாள் இராமவர்மா காலத்தில்தான் பத்மநாபபுரத்திலிருந்து அரசு இருக்கை திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. அரசு போனபின் ஆட்களும் போனார்கள். இன்று நகரின் உயிர்நாடியாக விளங்கும் சாலைக் கடைத்தெருவை உருவாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் விளவங்கோட்டுக் குன்னத்தூரில் பிறந்தவர். தலைமைச் செயலகத்தின் முன்னே சிலையாக நிற்கும் வேலுத்தம்பி, இரணியலை அடுத்த தலக்குளத்துக்காரர். அவர் அந்நகருக்குள் அறிமுகமான விதமே வேறு. 1799-இல், அரசனைச் சூழ்ந்திருந்த அமைச்சர்களின் வரிக்கொடுமை பொறாமல் நம் பகுதி மக்களைத் திரட்டிக்கொண்டு அரண்மனை வாசலுக்குச் சென்றவர் அவர். பிற்காலத்தில் தளவாயானார். ஆக, அந்நகரைக் கட்டியதிலும் நமக்குப் பங்குண்டு, அதன் கதவைத் தட்டி முறையிட்டதிலும் நமக்குப் பங்குண்டு.

சாலைத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் கேசவதாஸின் நினைவு வரத்தான் செய்கிறது. கிழக்குக் கோட்டையில் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே புகுந்தால் வெற்றிலை, கருப்பட்டி, வெண்கல உருளி, ஏத்தங்காய் வற்றல் என்று மணங்களும் ஓசைகளும் கலந்து வரும். ஓணத்தை ஒட்டிய நாட்களில் தோவாளைப் பூவும் அங்கே குவிந்துகிடக்கும். கடைக்காரர்களில் பலர் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார்கள். எது எங்கே முடிகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. இந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை நடத்திக்கொண்டு, சுமைதூக்குவோரையும் சில்லறைத் திருடரையும் கைவிடப்பட்ட பெண்களையும் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தபோது நாகர்கோவிலில் நம்மவர்க்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தோம். 2021 ஜனவரியில் அவர் மறைந்தார். அவருடைய தெரு இருக்கிறது. கடைகளின் முகங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன.

தமிழ் படித்தவருக்கு அந்நகரில் சுற்ற இடம் நிறைய. தமிழ்நாட்டு அரசு விழாக்களில் எழுந்து நின்று பாடும் வாழ்த்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீய’த்தின் பகுதி. பேரூர்க்கடையில் அவர் வாழ்ந்த வீட்டுக்குத் தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் ஹார்விபுரம் என்று பெயரிட்டார். தமிழ்நாட்டின் மாநிலப் பாடலை எழுதியவர் கேரளத் தலைநகரில் வாழ்ந்தவர் என்பதை மாணவர்களிடம் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். கவிமணியும் அங்கேதான் மகாராஜா பெண்கள் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 1931-இல் ஓய்வுபெற்றார். இராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை எது என்று ஆராய்ந்து எழுதியவரும் அவரே. நகரிலுள்ள வலியசாலையே அது என்பார் பலர். அவருடைய ‘மருமக்கள்வழி மான்மியம்’ எந்த வழக்கத்தைக் கிண்டல் செய்ததோ, அந்த வழக்கத்தைத் தளர்த்திய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல் அந்நகரிலிருந்தே பிறந்தது. தாய்மாமன் சொத்து வழக்குகளால் குடும்பங்கள் கெட்டுப்போன காலம் அது. கட்டுச்சோற்றோடு வக்கீல் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பதற்கென்றே அனந்தைக்குப் போன பெரியவர்களின் கதைகள் நம் வீடுகளில் இன்னும் உண்டு.

நகுலன் தொகுத்த ‘குருக்ஷேத்திரம்’ (1968), நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970) என்று பிற்காலக் கணக்கு நீளும். பொது நூலகத்தையும் (1829-இல் தொடங்கியது), காரியவட்டத்தில் உள்ள பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தையும் பற்றித் தனியே எழுத வேண்டும். காரியவட்டத்துச் சுவடிகளில் தமிழ்ச் சுவடிகளும் உண்டு; நம் பகுதி ஆய்வாளர்கள் அங்கே போதிய அளவு போவதில்லை என்பது நமது வருத்தம்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். இதை மட்டும் எழுதி, பொன்னுதம்புரான் காலம் பொற்காலம் என்று முடிக்கும் கட்டுரைகளை நாம் ஏற்பதில்லை. கோட்டைக்குத் தெற்கே, மணக்காட்டை அடுத்து, சிங்காரத்தோப்பு என்றோர் இடம் உண்டு. சாமித்தோப்பில் எளிய மக்களைத் திரட்டி, தலைப்பாகை கட்டச் சொல்லி, ஒரே கிணற்றில் நீர் மொள்ளச் சொன்ன அய்யா வைகுண்டரை 1838-இல் பிடித்துக்கொண்டுபோய் அங்கேதான் சிறைவைத்தார்கள். ஆண்டவர் சுவாதித் திருநாள். நவராத்திரிக் கீர்த்தனைகளை இயற்றிய அதே மன்னர். குதிரை மாளிகையின் மரச்சிற்பங்களைக் கண்டு வியந்துவிட்டு வெளியே வரும்போது இது நினைவுக்கு வந்தால், வியப்போடு வேறொன்றும் கலந்துவிடுகிறது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு 1859 வரை காத்திருக்க நேர்ந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல் அதே அரண்மனையிலிருந்து வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கணக்கு ஒருபக்கமாக நேராவதில்லை.

விடுதலைக்குப் பின் கதை விரைவாகவே நடந்தது. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த்தமிழகத்தோடு இணையும் கோரிக்கையை முன்வைத்தது. பேச்சிப்பாறை அணை நீரால் நெல் விளையும் நிலத்தை விட்டுக்கொடுக்க அரிசிப் பற்றாக்குறை மிகுந்த அரசுக்கு மனமில்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். பட்டம் தாணுப் பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் ஆட்சி அது. அக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான லோகியாவே அவர் பதவி விலக வேண்டும் என்றார். 1956 நவம்பர் 1-இல் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றுவிட்டது. பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தொடர்கிறது.

எல்லை வந்தபின்னும் இரண்டு ஊர்வலங்கள் நிற்கவில்லை. புரட்டாசியில், நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாற்றப்படும். தேவாரக்கட்டுச் சரஸ்வதி யானைமேலும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளிலும் புறப்படுவர். கம்பர் பூசித்த கலைமகள் இவள் என்பது செவிவழிக் கதை. சான்று கேட்டால் கதை சொல்பவர்க்குக் கோபம் வரும். இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்துவர். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். குமாரசுவாமி ஆரியசாலையிலும் நங்கை செந்திட்டையிலும் தங்குவர். விழா முடிந்ததும் ஒருநாள் ஓய்வு. பிறகு வந்த வழியே திரும்புவர்.

மற்றது மாசியில், எதிர்த்திசையில். மாசி 19-ஆம் நாள் அய்யாவழி மக்கள் திருவனந்தபுரத்திலிருந்து வாகனப் பேரணியாகப் புறப்பட்டு வருவர். திருச்செந்தூரிலிருந்து இன்னொரு பேரணி வரும். சிறையிலிருந்து வைகுண்டர் விடுபட்ட நினைவு அது. இரு பேரணிகளும் நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலில் கூடி, விடிந்ததும் சாமித்தோப்புக்கு நடக்கும். காவித் தலைப்பாகைகள் அன்று சாலையை நிறைத்துவிடும்.

அரசனின் கலைமகள் போகும் அதே நெடுஞ்சாலையில்தான் அரசனின் கைதி திரும்பி வருகிறார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து அனந்தையை எழுதியவர்கள் நம்மில் மிகுதி. இரண்டையும் ஒருசேர வைத்து ஒரு நாவல் இன்னும் வரவில்லையே என்பதுதான் நண்பர்கள் கூடும்போதெல்லாம் நாம் பேசிக்கொள்வது. கீழ்க்கோட்டை வாசலுக்கும் சிங்காரத்தோப்புக்கும் இடையே உள்ளது நடந்துபோகும் தொலைவுதான். அடுத்த முறை போகும்போது, சாலைத் தெருவில் ஏத்தங்காய் வற்றல் வாங்கிய கையோடு, வாசகர்கள் தெற்கே திரும்பி அந்தத் தோப்பு வரை ஒருமுறை நடந்துவிட்டு வரலாம்.