பழுதுபட்ட கடிகாரம் யாருடையது?

சென்ற மாதம் ஒரு நாட் காலையில் நமது ஸ்மார்ட் கடிகாரம் உயிரடங்கிக் கிடந்தது. ஜொகூர் மாநிலத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வரும் நமக்கு, பெரட்டுக்கு நேரமாயிற்றென்று எழுப்பிவிடுவது அக்கடிகாரந்தான். வாங்கி மூன்று வருஷங்களே ஆகியிருந்தன. பட்டணத்துக் கடையொன்றுக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் அதைத் திறந்தும் பாராமல், "பழுது பார்க்க 400 ரிங்கிட் ஆகும்; புதிதே 650 ரிங்கிட்டுக்கு இருக்கிறது; இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்றார்.

இஃது ஓர் அற்ப விஷயமென்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆனால், நமது பணங்கொடுத்து வாங்கிய பொருளை வைத்துக்கொள்வதா எறிவதா என்று தீர்மானிப்பவர் நாமா, அன்றி வேறெவரோ முன்பே தீர்மானித்து வைத்ததற்கு நாம் தலையசைக்கின்றோமா என்று யோசித்தால், இது அற்பமன்று என்பது விளங்கும். அதற்குக் கடிகாரத்தின் சரித்திரத்தையே சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு முன் இதே மேசையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய கிராணியாரிடம் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றுண்டு. அவர் ரப்பர்க் காலத்து மனிதர். ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில் நன்றாக வடியும்; வெயிலேற ஏற ஓட்டங் குறையும். ஆதலால் பெரட்டு இருட்டிலேயே கூடும். வந்தவர் யார், பிந்தியவர் யார் என்று செக்குரோலில் பதிவதற்குக் கிராணியின் கடிகாரமே பிரமாணம். ஓர் ஏழைத் தொழிலாளியின் ஒரு நாட் கூலி அந்த முள்ளின்மேல் நின்றது. அக்கடிகாரத்துக்குள் இருப்பவையோ ஒரு வில்லும், சில பற்சக்கரங்களும், இடமும் வலமும் ஊசலாடும் ஒரு சக்கரமுமே. எண்ணெய் காய்ந்தால் கழுவி எண்ணெயிடுவார்கள். வில் அறுந்தால் வேறு வில் வைப்பார்கள். கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்திக்கொண்டு கடைத்தெரு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது போதும்.

அத்தகைய கடிகாரம் தன் சொந்தக்காரரைத் தவிர வேறெவர் தயவையும் வேண்டி நின்றதில்லை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் டோக்கியோ நேரத்தை இங்கே புகுத்தினார்கள். கடிகாரங்கள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அவை மறுபடியும் பின்னே வந்தன. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தி, சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. ஆட்சிகள் மாறின, நேரமும் மாறிற்று, கடிகாரம் மாறவில்லை. திருகை இரண்டு விரலால் பிடித்து முள்ளைத் திருப்பியதோடு காரியம் முடிந்தது.

இதனால் பழங்காலமெல்லாம் பொற்காலமென்று நாம் சொல்ல வரவில்லை. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி அன்றும் இருந்தது. 1896இல் அமெரிக்காவில் இங்கர்சால் கம்பெனியார் ஒரு டாலருக்கு ஒரு சட்டைப்பைக் கடிகாரம் விற்கத் தொடங்கினர். ஒரு டாலர்க் கடிகாரத்துக்கு இரண்டு டாலர் ரிப்பேர் செய்வது புத்தியாகாதென்பதை எவரும் அறிவர். ஆனால், எறிவதும் வைப்பதும் அப்போது சொந்தக்காரரின் கணக்காகவே இருந்தது.

பெரிய மாறுதல் 1969 டிசம்பர் 25ஆம் தேதி வந்தது. அன்று ஜப்பானின் செய்கோ கம்பெனியார் ஆஸ்ட்ரான் என்னும் முதற் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். வில்லுக்குப் பதில் பாட்டரி. ஊசற் சக்கரத்துக்குப் பதில் ஒரு படிகத் துண்டு. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் அப்படிகம் விநாடிக்கு 32,768 தரம் அதிர்கின்றது. விலை முதலில் 4,50,000 யென்னாயிருந்தும், விரைவில் சல்லிசாகி உலகெங்கும் பரவிற்று. 1970இல் ஏறக்குறைய 90,000 பேருக்கு வேலை தந்த சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் மூன்றிலொரு பங்கினரே எஞ்சினர். இந்தியாவில் 1961இல் பெங்களூரில் கடிகாரஞ் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யும் இந்த வெள்ளத்துக்குத் தப்பவில்லை. 1980களில் தமிழ்நாட்டின் ஓசூரில் டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி நிறுவிய டைட்டன், குவார்ட்ஸையே நம்பி எழுந்து முன்னே சென்றது. எச்.எம்.டி.யின் கடிகாரக் கம்பெனியை மூடுவதென்று 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவு செய்தது.

குவார்ட்ஸினால் கூலித் தொழிலாளியும் பிழையாத கடிகாரம் கட்ட முடிந்தது. இது பெரிய நன்மையென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1983இல் சுவிட்சர்லாந்தார் வெளியிட்ட ஸ்வாட்ச் கடிகாரத்தைக் கவனியுங்கள். உறுப்புகளை 51ஆகக் குறைத்து, பிளாஸ்டிக் கூட்டைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிட்டார்கள். பாட்டரி மாற்றலாம், மற்றதெல்லாம் கெட்டால் கெட்டதுதான். பழுது பார்ப்பவருக்குக் கதவு அடைக்கப்பட்டது இங்கேதான்.

ஸ்மார்ட் கடிகாரத்தில் அக்கதவுக்கு இரண்டாவது பூட்டும் விழுந்தது. முதற் பூட்டு பசை: கண்ணாடியைச் சூடாக்கிப் பெயர்த்தால்தான் உள்ளே போகலாம். இரண்டாவது மென்பொருள். உறுப்பெல்லாம் நன்றாயிருந்தும், கம்பெனி கைவிட்டால் கடிகாரம் முடமாகும். 2015இல் ஆப்பிள் கம்பெனியார் 10,000 டாலர் முதற்கொண்டு விலை வைத்துத் தங்கக் கடிகாரம் விற்றனர். 2018இல் வெளிவந்த புதிய மென்பொருள் அதில் ஏறாதென்று விட்டுவிட்டனர். தங்கம் துருப்பிடிக்கவில்லை, மூன்றாண்டில் கடிகாரந்தான் பழசாயிற்று.

இதற்கு மாறான சம்பவமும் உண்டு. பெப்பிள் என்னும் கடிகாரத்துக்காக 2012இல் ஏறக்குறைய 69,000 பேர் ஒரு கோடி டாலருக்கு மேல் முன்பணம் கொடுத்தார்கள். 2016 டிசம்பரில் கம்பெனி மூடப்பட்டு, அதன் மென்பொருள் ஃபிட்பிட்டுக்கு விற்கப்பட்டது. 2018இல் அதன் இணையச் சேவையும் நிறுத்தப்பட்டது. ஆனால் அக்கடிகாரத்தில் பற்றுக்கொண்ட சிலர் ரெபிள் என்ற பெயரில் கூடி, தாங்களே அச்சேவையை நடத்தினர். ஃபிட்பிட்டை வாங்கியிருந்த கூகுள், 2025 ஜனவரியில் அந்த மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆகவே, "இது தொழில்நுட்பத்தின் தலைவிதி" என்பது வெறும் சாக்கு. மனிதர் பூட்டியதை மனிதரே திறக்கலாம்.

இனி நமது கிராணிக் கணக்குக்கு வருவோம். கம்பெனி நமது கடிகாரத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் மென்பொருள் தருவதாகச் சொல்லியிருக்கிறது. 400ஐ இரண்டால் வகுத்தால் வருஷத்துக்கு 200 ரிங்கிட். புதியதற்கு ஐந்து வருஷம். 650ஐ ஐந்தால் வகுத்தால் 130. அப்படியானால் முதற் கடைக்காரர் சொன்னது சரியே! ஆனால் குளுவாங்கில் ஒரு சிறு கடையிலிருந்த இளைஞர் அதைத் திறந்து பார்த்து, பாட்டரி உப்பியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். உப்பிய பாட்டரியை அழுத்தினாலோ மின்னேற்றினாலோ தீப்பற்றக்கூடுமென்றும் எச்சரித்து, வேறு பாட்டரி வைத்து 120 ரிங்கிட் வாங்கினார். இனி இதை நீரில் நனைக்காதீர்கள் என்று உண்மையையும் சொன்னார். 120ஐ இரண்டால் வகுத்தால் 60. நாம் பழுது பார்த்தோம்.

ஆயினும் இக்கணக்கில் ஒரு குறை நம்மை உறுத்துகின்றது. வகுக்கப்படும் தொகை நமது பையிலிருக்கிறது. வகுக்கும் எண்ணோ கம்பெனியின் கையிலிருக்கிறது. அவர்கள் இரண்டென்றால் இரண்டு, பூச்சியமென்றால் பூச்சியம். பெரிய கிராணியாரின் கடிகாரத்துக்கு அவ்வெண்ணை எவரும் வரையறுக்கவில்லை.

எறிவதற்கு விலை இல்லையென்றும் எண்ண வேண்டாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததென்றும், அதில் நூற்றுக்கு 22 பங்கே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதென்றும் ஐக்கிய நாட்டு அறிக்கை கூறுகின்றது. நமது நாட்டின் 2005ஆம் வருஷத்து விதிகள் இக்குப்பையை அபாயக் கழிவுகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டமோ, சிறு சாதனங்களின் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றத்தக்கதாய்ச் செய்யவேண்டுமென்று 2027 பிப்ரவரி 18ஆம் தேதியைக் கெடுவாகக் குறித்திருக்கிறது. நீர் படும் சில சாதனங்களுக்கு விலக்குமுண்டு. அவ்விலக்குக்குள் கடிகாரம் நழுவிப் போகாதிருக்க வேண்டும்.

ஆதலால் நேயர்களே, அடுத்த கடிகாரம் வாங்குமுன் விலையை மட்டும் கேளாதீர்கள். எத்தனை வருஷம் மென்பொருள் தருவீர்கள், பாட்டரியை எவர் மாற்றுவார், என்ன கூலி என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையை விட்டு இறங்குங்கள். நமது கடிகாரம் இன்று காலை ஐந்து மணிக்கு எழுப்பிற்று. மழை பெய்ததால் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனோம்.