பெங்களூர் ப்ளூவும் மாமாவின் கல்தூண்களும்

டிஸ்கி: இது குடியை வளர்க்கிற பதிவு இல்லை. எங்க அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்தில் எழுதறேன்.

மக்களே, போன மாசம் ஆபீஸ்ல டீம் டின்னர். எங்க லீட் ஒயின் பாட்டிலைக் கையில் வச்சுக்கிட்டு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தார். காபர்நேன்னா இப்படி, ஷிராஸ்னா அப்படின்னு. கடைசியா ஒரு போடு போட்டார். "நம்ம ஊர் திராட்சையில எல்லாம் ஒயின் பண்ண முடியாதுப்பா. அது ஜூஸ் பழம்." எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன், அப்ரைசல் மாசம் பாருங்க :-)

ஆனா மனசுக்குள்ள அது உறுத்திக்கிட்டே இருந்தது. காரணம் எங்க மாமா. சொந்த ஊர் சிங்காரப்பேட்டைன்னாலும் எனக்குத் திராட்சைன்னா என்னன்னு தெரியும்னா அது அவராலதான். அவர் கதையைக் கடைசியில் சொல்றேன். முதல்ல வரலாறு.

எங்க ஊர் ஊத்தங்கரைக்கும் செங்கத்துக்கும் நடுவுல, ஜவ்வாது மலையை ஒட்டி இருக்கு. 1767ல் ஹைதர் அலிக்கும் கும்பினிப் படைக்கும் சண்டை நடந்த செங்கம் கணவாய் பக்கத்துலதான். ஊரைச் சுத்தி மாந்தோப்பு. அதுலயும் பாதிக்கு மேல 'பெங்களூரா' ரகம். மாம்பழத்துக்குப் பெங்களூரு பேரு, திராட்சைக்கும் பெங்களூரு பேரு, வேலைக்கும் பெங்களூரு. எங்க மாவட்டத்துக்காரன் தலையெழுத்து அது.

தமிழனுக்கும் ஒயினுக்கும் சம்பந்தம் ரொம்பப் பழசு. புறநானூறு 56ஆம் பாட்டுல நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொண்டு வந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்துல பெண்கள் ஊத்தித் தர, அதைக் குடிச்சு இனிது இருன்னு சொல்றார். கற்பனை இல்லை. 1945ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினப்போ ரோமானிய மதுச் சாடிகளோட உடைஞ்ச துண்டுகள் நிறைய கிடைச்சது. முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமி ஒருத்தர் எழுதின பெரிப்ளூஸ் நூல்ல, குஜராத் பக்கம் பாருகச்சத்துல இத்தாலி ஒயினுக்குத்தான் மவுசு, முசிறிக்குக் கொஞ்சம்தான் போகுதுன்னு குறிப்பு இருக்கு. நம்மாளுங்க கள், நறவு, தோப்பின்னு சொந்தச் சரக்குல திருப்தியா இருந்திருப்பாங்க போல. ராஜாக்களுக்கு மட்டும் இம்போர்ட்டட்.

கொடி வந்த கதை அதுக்கு ரொம்பப் பிந்தி. கம்பம் பன்னீர் திராட்சையை எடுத்துக்குவோம். 2023ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அப்போ எல்லாப் பத்திரிகையிலும் வந்த கதை: 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார். படிச்சவுடனே எனக்கு ஒரு பக். அந்த ரகத்தோட உலகப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். அதை உருவாக்கினது இங்கிலாந்துல பெட்ஃபோர்டுஷயர் பக்கம் ஒரு பிரபு வீட்டுத் தோட்டக்காரர், பேரு ஸ்நோ. பிளாக் ஹாம்பர்க்கையும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டையும் கலந்தார். பிற்பாடு மரபணு சோதனையும் இதே அப்பா அம்மாவைத்தான் காட்டுச்சு. வருஷம் 1850 வாக்கில். ஆக, பிறக்கறதுக்குப் பதினெட்டு வருஷம் முன்னாடியே பழம் தமிழ்நாட்டுக்கு வந்துடுச்சு! 1832ல் பாதிரியார் ஏதாவது திராட்சைக் கொடி கொண்டு வந்திருக்கலாம், பூசைக்கு ஒயின் வேணுமே. ஆனா அது இன்னைக்கு நாம சாப்பிடற பன்னீர் திராட்சையா இருக்க வழியே இல்லை. இந்த ரகம் பின்னாடி வந்து, முன்னாடி வந்ததோட கதையைத் தனதாக்கிக்கிச்சு.

பேர் வச்சவங்க மூக்குக்கு மட்டும் ஒரு சலாம். மஸ்கட் குடும்பத்துப் பழங்கள்ல இருக்கற வாசனைப் பொருள்கள்ல ஒண்ணு ஜெரானியால். ரோஜாவுலயும் அதே பொருள்தான். கெமிஸ்ட்ரி தெரியாத கம்பத்துக்காரர் மோந்து பார்த்தே 'பன்னீர்'னு சொல்லிட்டார். லீடுக்குப் பதிலும் இங்கேயே இருக்கு. சீனாவுல தியான்ஜின் நகரத்துல 1980ல் பிரான்சின் ரெமி மார்ட்டின் கம்பெனி கூட்டுச் சேர்ந்து 'டைனஸ்டி'ன்னு ஒயின் ஆரம்பிச்சாங்க. முதல்ல என்ன பழம்? இதே மஸ்கட் ஹாம்பர்க். வெள்ளைக்காரனே நம்ம ஜூஸ் பழத்துல வெள்ளை ஒயின் போட்டிருக்கான் சாமி.

இப்ப நம்ம ஹீரோ, பெங்களூர் ப்ளூ. ஓசூர் பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில சீசனுக்கு மலை மாதிரி குமிச்சு வச்சிருப்பாங்களே, கருநீலம், விதை உள்ளது, தோலை வாயில வச்சு அழுத்தினா சதை வழுக்கிக்கிட்டு வெளிய வருமே, அதேதான். பெங்களூரு, கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் நூத்தம்பது வருஷமா இருக்கு. 2013ல் புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. பேருதான் பெங்களூர்; ஒரிஜினல் பேரு இசபெல்லா, பூர்வீகம் அமெரிக்கா. 1816 வாக்கில் நியூயார்க் பக்கம் வில்லியம் பிரின்ஸ்ங்கிற நர்சரிக்காரர், தனக்கு இந்தக் கொடியைத் தந்த இசபெல்லா கிப்ஸ்ங்கிற அம்மா பேரையே வச்சார். அமெரிக்கக் காட்டுத் திராட்சை ரத்தம் உள்ள கலப்பு. சின்ன வயசுல சாப்பிட்ட கிரேப் சாக்லேட் ஞாபகம் இருக்கா? அந்த வாசனையைக் கொடுக்கற மெத்தில் ஆந்த்ரனிலேட்தான் இதுலயும் தூக்கலா இருக்கும். ஐரோப்பாக்காரன் இதை 'நரி வாடை'ன்னு திட்டுவான்.

திட்டறதோட நிக்கலை. அமெரிக்கக் கொடிகளை ஆசையா இறக்குமதி பண்ணப்போ, கூடவே ஃபைலாக்ஸெராங்கிற வேர்ப்பேனும் கப்பலேறிடுச்சு. 1860கள்ல ஆரம்பிச்சு பிரான்சோட திராட்சைத் தோட்டங்களை வரிசையா காலி பண்ணுச்சு. அமெரிக்கக் கொடிக்குப் பல தலைமுறையாப் பழகின பூச்சி, ஐரோப்பியக் கொடிக்குப் புதுசு. எந்த மருந்தும் சரிப்படாம, கடைசியில அமெரிக்க வேர் மேல ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பிச்சாங்க. கெடுத்தவனே காலா நின்னு தாங்கறான். அப்புறம் 1934ல், சரக்கு ஏகமா மிஞ்சிப் போய் விலை விழுந்தப்போ, பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு ஆறு ரகங்களோட ஒயினை விக்கக் கூடாதுன்னுச்சு. அதுல ஒண்ணு இசபெல்லா. அதைக் குடிச்சா புத்தி பேதலிக்கும்னு பிரசாரம் வேற. 2021ல் ஐரோப்பிய யூனியன் விதிகளைத் தளர்த்தினப்பவும் அந்த ஆறு பேருக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. ஆஸ்திரியாவுல ஒரு மூலையில மட்டும் இந்த மாதிரிப் பழங்கள்ல 'உஹுட்லர்'னு ஒயின் போட விதிவிலக்கு வாங்கி வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் தடை செஞ்ச பழம், இந்தப் பக்கம் அத்திப்பள்ளி தாண்டினா கிலோ கணக்குல.

சரி, நம்ம பக்கம் கொடி இருந்தும் ஏன் ஒயின் வரலைன்னு கேக்கலாம். 1937 அக்டோபர் 1. ராஜாஜி சென்னை மாகாணத்துல முதல்முதலா மதுவிலக்குக் கொண்டு வந்தது சேலம் மாவட்டத்துல. அப்போ சேலம் ஜில்லான்னா தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, ஓசூர் எல்லாம் சேர்த்துத்தான். (கள்ளு வருமானம் போனதை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி போட்டார், இன்னைக்கு நாம கட்டற ஜிஎஸ்டிக்குத் தாத்தா.) ஓசூருக்கும் பெங்களூருக்கும் மண்ணும் குளிரும் ஒண்ணு, நடுவுல கோடு மட்டும்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நந்தி மலை அடிவாரத்துல 1980கள்ல கன்வல் குரோவர் பிரெஞ்சு ரகங்களை நட்டுப் பார்த்து, 1992ல் ஒயினே கொண்டு வந்துட்டார். 2007ல் கர்நாடகா ஒயினுக்குன்னு தனிக் கொள்கையும் அறிவிச்சுது.

அந்த 2007லதான் எங்க மாமா மாட்டினார்.

தளி பக்கம் அவருக்கு ரெண்டு ஏக்கர். அதுவரைக்கும் முட்டைக்கோஸ், தக்காளி. எல்லை தாண்டி ஒரு ஒயின் கம்பெனி ஆள் வந்து, காபர்நே போடுங்க, மொத்தத்தையும் நாங்களே எடுத்துக்கறோம்னு ஒப்பந்தம் போட்டாங்க. நான் அப்போ அஞ்சாங்கிளாஸ். லீவுக்குப் போனா தோட்டம் முழுக்கக் கல்தூண் நட்டுக்கிட்டிருந்தாங்க, கிருஷ்ணகிரிக் கல்லுதான். முதல்ல டாக்ரிட்ஜ்னு ஒரு அமெரிக்கச் செடி வச்சு வேர் பிடிச்சப்புறம் அது மேல காபர்நே ஒட்டுக் கட்டினாங்க. "வேர் ஒரு தேசம், தலை ஒரு தேசம், தண்ணி ஊத்தறவன் மட்டும் உங்க மாமன்டா மாப்ள"ன்னு சிரிப்பார். அந்த ஒட்டுக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய கதை இருக்குன்னு இப்பத்தான் எனக்கே தெரியும்.

நம்ம ஊர்ல கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. அதனால வருஷத்துக்கு ரெண்டு கவாத்து. ஏப்ரல்ல ஒண்ணு கிளைக்கு, அக்டோபர்ல ஒண்ணு காய்க்கு. பிப்ரவரி மார்ச்சுல அறுவடை. முதல் அறுப்பை எடுத்தாங்க, பணம் பாதி வந்தது. அடுத்த வருஷம் லாரியே வரலை. 2008 உலகப் பொருளாதாரச் சரிவும் மும்பைத் தாக்குதலும் சேர்ந்து ஹோட்டல் வியாபாரத்தை முடக்கினதுல இந்திய ஒயின் தொழிலே படுத்திருந்த நேரம். மகாராஷ்டிராவுலயும் விவசாயிங்க ஒயின் கொடியைப் பிடுங்கிப் போட்டாங்க. இதெல்லாம் இப்போ படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. அப்போ தெரிஞ்சது, அத்தை யார்கிட்டயும் பேசாம சுத்தினது மட்டும்தான்.

ஏன் சந்தையில விக்கலைன்னு லீட் மாதிரி ஆளு கேப்பார். காபர்நே பழம் பட்டாணியை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். தடிச்ச தோல், விதை, துவர்ப்பு. அந்தத் தோல்தான் ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தருது. ஆனா தள்ளுவண்டியில ஒருத்தரும் தொட மாட்டாங்க. மாமா ஓசூர் மார்க்கெட்டுக்குப் பத்து கிரேட் கொண்டுபோய் எட்டைத் திரும்பக் கொண்டு வந்தார். பெங்களூர் ப்ளூன்னா ஒருத்தன் வேணாம்னா இன்னொருத்தன் இருக்கான்: சாப்பிட வாங்குவான், ஜூஸுக்கு வாங்குவான், மலிவு போர்ட் ஒயின்காரன் வாங்குவான். சீமை ரகத்துக்கு ஒரே ஒரு வாசல், அதுவும் சாத்திடுச்சு. தடை செஞ்ச பழம் நூத்தம்பது வருஷமா நிக்கறதுக்குக் காரணம் ருசி இல்லை, இதுதான்னு நான் நினைக்கிறேன். ஹெசரகட்டா ஆராய்ச்சி நிலையம் பெங்களூர் ப்ளூவை பிளாக் சம்பாவோட கலந்து 'அர்க்கா ஷ்யாம்'னு ஒண்ணு செஞ்சிருக்கு, சாப்பிடவும் ஆகும், ஒயினுக்கும் ஆகும். மாமாவுக்கு யாராவது அதைச் சொல்லியிருக்கலாம்.

2011ல் கொடியை எல்லாம் வேரோட பிடுங்கிட்டார். கல்தூணைப் பிடுங்கக் கூலி அதிகம்னு விட்டுட்டார்.

டின்னர் முடிஞ்ச அடுத்த வாரம் மாமா கண் டெஸ்டுக்காகப் பெங்களூரு வந்து என் ரூம்ல தங்கினார். பேச்சுவாக்குல கேட்டேன், "மாமா, நீங்க போட்ட பழத்தோட ஒயினைக் குடிச்சிருக்கீங்களா?" இல்லையாம். நாலு வருஷம் வளர்த்தவர் ஒரு சொட்டு பார்த்ததில்லை. கீழ கடைக்குப் போய் நந்தி மலைப் பக்கத்து காபர்நே ஒரு பாட்டில், ஷிராஸ் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தேன். ஒயின் கிளாஸ் ஏது, எவர்சில்வர் டம்ளர்தான்.

ஷிராஸை மோந்துட்டு "மிளகு ரசம் வாசனை வருதேடா"ன்னார். நான் ஆடிப் போயிட்டேன். 2008ல் ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது அது: ஷிராஸ்ல மிளகு வாசனை தர்ற ரோட்டண்டோன்தான் நிஜ மிளகுலயும் இருக்கு. காபர்நேயைக் கொஞ்ச நேரம் வாயில வச்சிருந்து, பச்சைக் குடைமிளகாய் மாதிரி இருக்குன்னார். அதுவும் சரி. காபர்நே சாவிஞானோட அப்பா அம்மா காபர்நே ஃபிரான்கும் சாவிஞான் பிளாங்கும்னு 1990கள்ல கலிஃபோர்னியாவுல மரபணு பார்த்துச் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் அந்தக் குடைமிளகாய் வாசனை பரம்பரை. எங்க லீட் புஸ்தகம் வச்சுச் சொன்னதை மாமா டம்ளரை வச்சுச் சொல்லிட்டார்.

"இதுக்கா என் கொடியை வேணாம்னானுங்க?"

அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. மிச்சத்தைக் குடிக்கவும் இல்லை. படுக்கறதுக்கு முன்னாடி சொன்னார், இந்த வருஷம் கல்தூண்ல கம்பி மாத்திப் பாகல் ஏத்தியிருக்காராம். பெங்களூரு மார்க்கெட்டுல நல்ல விலையாம். வெள்ளிக்கிழமை லோடு அனுப்பணும், காலையில முதல் பஸ்ஸுக்கு எழுப்பி விடுன்னார்.