ரஜூலாவின் மூச்சு

எங்கள் வீட்டில் கப்பல் என்றாலே ரஜூலாதான். 1949இல் நாகப்பட்டினத்தில் அதில் ஏறியபோது பாட்டிக்கு ஒன்பது வயது. பினாங்கில் இறங்கி, சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுக்கு வந்த குடும்பம். கப்பலைப் பற்றிக் கேட்டால் வாந்தியையும் கருவாட்டு வாசத்தையும்தான் சொல்வார். ஒருநாள் மட்டும், "கீழ ஏதோ ஒண்ணு மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும்யா, ராத்திரி பூரா" என்றார்.

அந்த மூச்சு எது என்று தேடப்போய்த்தான் இன்ஜின் மாதிரி செய்யும் பைத்தியம் எனக்குப் பிடித்தது.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவின் பார்க்லே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். மொத்தப் பதிவுக் கொள்ளளவு 8,478 டன். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அடியில் மூன்று கட்ட விரிவு நீராவி இன்ஜின்கள் இரண்டு; ஆளுக்கொரு சுழலியைச் சுழற்றின.

அதென்ன மூன்று கட்டம்? கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய உருளையில் பிஸ்டனைத் தள்ளும். தள்ளிய பிறகும் அதில் தெம்பு மிச்சமிருக்கும். அதை வீணாக்காமல் நடுத்தர உருளைக்கும், பிறகு பெரிய உருளைக்கும் அனுப்புவார்கள். கடைசியில் கடல்நீரால் குளிரூட்டி, மறுபடி தண்ணீராக்கிக் கொதிகலனுக்கே திருப்புவார்கள். கடலில் உப்பில்லாத தண்ணீர் அவ்வளவு அருமை.

நான் மூன்று உருளைகளையும் ஒரே அளவில் செய்துவிட்டுப் பிறகுதான் முழித்தேன். விரிய விரிய நீராவியின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த நீராவி அதே வேலையைச் செய்ய வேண்டுமென்றால் பிஸ்டனின் பரப்பு கூட வேண்டும். மருந்துக்கடைக்குப் போய் 5, 20, 50 மில்லி ஊசிக்குழாய்கள் வாங்கிவந்தேன். அளவுகள் ஏறக்குறைய பொருந்தின. மூன்று கிராங்குகளையும் 120 பாகை இடைவெளியில் வைத்தேன். ஒரு பிஸ்டன் உச்சியில் திணறி நிற்கும்போது மற்ற இரண்டும் தண்டைத் தள்ளிவிடும். கையால் சுற்றினால் இயங்கும் மாதிரிதான். மைலோ டின் தகரத்தில் அதற்கொரு பீடம்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து அரை மணி நேரம் காரோட்டினால் பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரத்துக்கு வந்த பழைய பாய்மரங்கள் பருவக்காற்றுக்காகக் காத்திருந்தன. நீராவி அந்தக் காத்திருப்பை ஒழித்தது. ஆனால் ஆரம்பகால நீராவிக் கப்பல்கள் நிலக்கரியைத் தின்று தீர்த்தன. 1881இல் அபர்டீன் என்ற கப்பலில் அலெக்சாண்டர் கிர்க் பொருத்திய மூன்று கட்ட இன்ஜின் அந்தக் கணக்கை மாற்றியது. நிலக்கரிச் செலவு குறைந்தது. நிலக்கரி அடைத்த இடம் சரக்குக்கும் ஆட்களுக்கும் கிடைத்தது.

நம் வரலாற்றைப் பேசும்போது கங்காணியைப் பேசுகிறோம், ரப்பர் விலையைப் பேசுகிறோம். 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியதையும் பேசுகிறோம். ஆயிரக்கணக்கான ஏழைகளை மலிவாகக் கடல் கடத்த முடிந்ததற்கு இந்த உருளைகளின் சிக்கனமும் ஒரு காரணம் என்பதை யாரும் சொல்வதில்லை. துளி ஆவியையும் வீணாக்காத கணக்குத்தான் டெக்கில் பாய்க்குப் பாய் ஆளை அடுக்கிய கணக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாதிரியைப் பாட்டி முன்னால் வைத்து வேகமாகச் சுற்றிக் காட்டினேன். கையை மேலே வைத்து நிறுத்தினார்.

"இவ்ளோ அவசரம் இல்லய்யா. மெதுவா..."

அவரே பிடியை வாங்கிச் சுற்றினார். சின்னது, நடுத்தரம், பெரியது. அவர் சொன்னது சரிதான். அந்தக் கால இன்ஜின்கள் பொதுவாக நிமிடத்துக்கு நூறு சுற்றைக்கூட எட்டியதில்லை. எந்தப் புத்தகமும் இல்லாமல், எழுபது வருடங்களுக்கு மேலாக அந்த வேகத்தை அவர் முதுகு ஞாபகம் வைத்திருந்தது.

ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறுவருடமே பம்பாயில் உடைக்கப்பட்டது. நீராவி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கொதிகலனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டுமென்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த பாட்டியின் அப்பா இந்தத் தோட்டத்து மண்ணில்தான் இருக்கிறார்.

"அப்பாவுக்கு இதக் காட்டியிருக்கலாம்" என்றார் பாட்டி. பிடியை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்.