கொல்லிமலைக்கு வராத பில்

காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்று கொல்லிமலையிலிருந்து மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் கீழே இறங்குகின்றன. 2008 வரை பாக்சைட் லாரிகளும் இறங்கின. வாழவந்தி நாடு, சேளூர் நாடு, வளப்பூர் நாடு என்று நாடுநாடாக மலையாளிப் பழங்குடியினர் தினையும் சாமையும் விளைவித்த மலை அது. அதன் உச்சியில் வெட்டிய செந்நிறக் கனிமம் மேட்டூருக்குப் போய் அலுமினியம் ஆனது. நம் வீட்டுக் கரண்ட் பில்லில் வராத செலவுகளைப் பேச, இந்த மலையை விட்டால் வேறு நல்ல இடம் கிடைக்காது.

ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டும் 15,000 யூனிட் மின்சாரமும் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது 25 ஆண்டு மின்சாரம். ஆகவே அலுமினிய ஆலை எங்கே அமையும் என்பதைத் தீர்மானித்ததில் கல்லைப் போலவே கரண்டுக்கும் பங்குண்டு. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது, சில ஆண்டுகளில் நீர்மின்சாரம் வந்தது. மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம், ஊர்க்காரர் வாயில் 'மால்கோ', இத்தாலியின் மான்டெகாட்டினி நிறுவனத்தின் துணையோடு 1965இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வந்தது.

மின்வெட்டும் மின்விலையும் பின்னாளில் அந்த ஆலையை முடக்கின. 1995இல் அது ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. 1999இல் ஆலைக்கென்றே 75 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. 2008இல் உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்தது, சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கலும் சேர்ந்தது; சுரங்கமும் உலோக உற்பத்தியும் நின்றன. மின்நிலையம் மட்டும் நிற்கவில்லை. அதன் மின்சாரம் விற்பனைக்குப் போனது. உலோகத்தைவிட அதை உருக்கும் கரண்டுக்கு மதிப்பு கூடிவிட்ட காலம் அது.

வீட்டு மீட்டரின் கதை வேறு திசையில் நடந்தது. 2016 மே 23 முதல் தமிழ்நாட்டின் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 யூனிட் செலவழித்த வீடு 170 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் அது 225 ஆனது. அந்த 55 ரூபாய்க்கு ஊரெல்லாம் எழுந்த முணுமுணுப்பு நியாயமானதுதான். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. ஜெர்மனியில் வீட்டு மின்சாரம் ஒரு யூனிட் 30 ரூபாய்க்கு மேல் என்று கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

விலை குறைவு என்பதால் செலவு குறைவு என்று ஆகிவிடாது. கட்டணத்துக்கும் உண்மைச் செலவுக்கும் இடையிலிருந்த பள்ளம் மின்வாரியத்தின் தலையில் கடனாக ஏறியது. மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் தமிழ்நாடு 2017இல் சேர்ந்தபோது 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தோளில் ஏற்றிக்கொண்டது. அது மக்கள் வரிப்பணம். பில்லில் கட்டாததை வேறு வழியில் கட்டினோம்.

அதுவாவது கணக்கில் எழுதப்பட்ட தொகை. எழுதப்படாதது இன்னும் பெரிது. ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். 200 யூனிட்டும் அனல் மின்சாரம் என்றால் அந்த வீட்டின் பெயரில் 140 கிலோ நிலக்கரி எரிந்து, 45 கிலோவுக்கு மேல் சாம்பல் எங்கோ ஓர் ஊரின் சாம்பல் குளத்தில் சேர்கிறது. அந்த ஊர்க்காரரின் இருமலுக்கு பில்லில் வரி இல்லை. ஐரோப்பிய ஆணையம் 1990களில் நடத்திய எக்ஸ்டெர்ன்-ஈ ஆய்வு, நோயையும் பருவநிலைக் கேட்டையும் பணமாகக் கணக்கிட்டபோது ஜெர்மனியின் நிலக்கரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3 முதல் 6 யூரோ சென்ட் கூடுதலாக வந்தது.

இந்தியாவும் முயன்றது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய தூய எரிசக்தி வரி 2016இல் 400 ஆனது. யூனிட்டுக்குச் சுமார் 28 பைசா. ஆனால் 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டத் திருப்பிவிடப்பட்டது. இது தவறு. சாம்பலின் பெயரால் வாங்கிய காசு சாம்பல் விழும் ஊருக்குப் போயிருக்க வேண்டும்.

புகை இல்லாத நீர்மின்சாரமும் முழுக்கத் தூயதல்ல. கொல்லிமலை ஓடைகளைத் தடுத்து, நீரைப் புளியஞ்சோலைப் பக்கம் இறக்கி 20 மெகாவாட் எடுக்கும் திட்டத்தை மின்வாரியம் கையில் எடுத்தபோது, ஆகாயகங்கை அருவி வற்றிவிடுமோ என்ற அச்சம் மலையில் எழுந்தது. பாக்சைட் கொடுத்த மலையிடம் அடுத்து தண்ணீரைக் கேட்டார்கள்.

2022 கட்டண உயர்வுக்கு முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று நகரங்களில் கருத்துக் கேட்டது. அடுத்த முறை ஒரு நாள் செம்மேட்டிலும் உட்கார வேண்டும். சுரங்கக் குழிக்கும் ஓடை நீருக்கும் என்ன விலை என்று வாழவந்தி நாட்டுக்காரர்கள் சொல்லட்டும். ஆணையம் அதைக் கட்டணக் கணக்கில் ஒரு வரியாக எழுதட்டும்.