எங்கே வேலை, என்ன குறைபாடு, எவ்வளவு வருமானம்?

ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்போ மரக்காணத்துல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் தெரியும். நம்மள்ல பல பேர் வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்திருப்போம். இன்னைக்குக் கேள்வி அந்தப் பாத்தியில நிக்கிறவங்களைப் பத்தி. அங்க கூலிக்குப் போற ஒருத்தருக்குக் கண்ணோ காலோ போயிடுச்சு, இல்ல அவங்க பிள்ளை மாற்றுத்திறனாளின்னா, வைத்தியச் செலவை யார் ஏத்துக்கணும்? இதுக்கு அரசாங்கம் காலகாலமா என்ன பதில் சொல்லிச்சுன்னு பார்ப்போம்.

1948-ல ஈஎஸ்ஐ சட்டம். வேலையில ஊனமானா சிகிச்சையும் உதவித்தொகையும் உண்டு. ஆனா பருவகாலத் தொழிற்சாலைகளை அந்தச் சட்டமே ஒதுக்கி வெச்சது. உப்பளமோ, ஐப்பசி மழை வந்தா நின்னுபோற தொழில்.

1995 டிசம்பர் 19. ஜாவேத் அபிதி முன்நின்று, மாற்றுத்திறனாளிகள் டெல்லியில நாடாளுமன்றத்துக்கு முன்னாடி திரண்டாங்க. சில நாள்ல அவங்களுக்கான முதல் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதோட 67-வது பிரிவு காப்பீட்டைப் பத்திப் பேசுது. யாருக்கு? அரசு ஊழியர்களா இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்! ஆக, அதுவரைக்கும் கேட்ட கேள்வி, ‘எங்கே வேலை பார்க்கிறே?’

அடுத்து கேள்வி மாறுது: ‘உனக்கு என்ன குறைபாடு?’ 2008-ல வந்த நிரமயா 1 லட்சம் ரூபாய் வரை தெரபி செலவையும் சேர்த்துக் கொடுக்குது. நல்ல திட்டம்தான். ஆனா ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுக்கு மட்டும். பார்வை, செவி, கை கால் குறைபாடு உள்ளவங்களுக்காக 2015-ல ஸ்வாவலம்பன் வந்தது. பிரீமியத்துல பெரும்பகுதியை அரசே கட்டியது. அது நீடிக்கல.

மூணாவது கேள்வி: ‘எவ்வளவு சம்பாதிக்கிறே?’ தமிழ்நாட்டுல 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. இன்னைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 5 லட்சம் வரை சிகிச்சை. பெரிய விஷயம்தான். ஆனா வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000, அதாவது மாசம் 10,000. ரெண்டு பேர் கூலிக்குப் போற வீடு, ஒரு நல்ல சீசன்லயே அந்தக் கோட்டைத் தொட்டுடலாம். அதோட, இது முக்கியமா ஆஸ்பத்திரியில படுத்துப் பார்க்கிற வைத்தியத்துக்கானது. வாராவாரம் பிசியோதெரபிக்குத் திண்டிவனம் போய் வர்ற பஸ் காசு, இழந்த கூலி, இதெல்லாம் கணக்குலயே வராது. 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டு வந்தது இந்த இடத்துலதான் முக்கியமாகுது.

மூணு கேள்வியிலும் விட்டுப்போன ஒண்ணு இருக்கு: ‘உனக்கு எவ்வளவு செலவாகுது?’ ரெண்டு வீட்டுக்கு ஒரே வருமானம் இருக்கலாம். மாற்றுத்திறனாளி இருக்கிற வீட்டுல கையில நிக்கிற காசு ஒண்ணா இருக்காது.

2016 சட்டத்தோட 24-வது பிரிவு, ஈஎஸ்ஐயோ வேற அரசுக் காப்பீடோ இல்லாத மாற்றுத்திறனாளிகளுக்கு முழுமையான காப்பீடு வேணும்னு சொல்லுது. கூடவே, ‘அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ன்னு ஒரு கொக்கியும் போட்டிருக்கு.

சரி, சக்தி இல்லையா? 2024 அக்டோபர்ல ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயசு ஆன எல்லாருக்கும் வருமானமே கேட்காம திறந்துவிட்டாங்க. அதே மாதிரி எங்களுக்கும் திறங்கன்னுதான் மாற்றுத்திறனாளி அமைப்புகள் கேட்கிறாங்க. வயசுக்காக வருமானக் கேள்வியை விட முடிஞ்சதுன்னா, இவங்களுக்காகவும் விட முடியும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.