கிட்டப்பார்வையும் திறந்தவெளி வெளிச்சமும்: ஓர் ஆய்வு வரலாறு

கிட்டப்பார்வை என்பது அருகில் உள்ளவை தெளிவாகவும் தொலைவில் உள்ளவை மங்கலாகவும் தெரியும் குறைபாடு. பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக அளவுக்கு மேல் நீண்டுவிடுவதால் இது ஏற்படுகிறது. நீண்ட விழி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மிகவும் நீண்டுவிட்டால் பிற்காலத்தில் விழித்திரை பிரியவும் கூடும். ஆகவே கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று இதை ஒதுக்க முடியாது.

இதன் காரணத்தைத் தேடியவர்கள் முதலில் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். பிரெஸ்லாவ் நகரின் (அன்று பிரஷ்யா, இன்று போலந்து) கண் மருத்துவர் ஹெர்மன் கோன் 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்து 1867இல் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை நூற்றுக்கு இருவருக்கும் குறைவு; உயர்படிப்புக்கான கிம்னாசியம் பள்ளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல். பழி புத்தகத்தின் மீதும், இருண்ட வகுப்பறை, பொருந்தாத மேசை ஆகியவற்றின் மீதும் விழுந்தது. அந்த எண்களை வேறு விதமாகவும் படித்திருக்கலாம். கிராமத்துப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்கள் என்பதோடு, வயல்வெளியில் அதிக நேரம் இருந்திருப்பார்கள் அல்லவா?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காற்று பரம்பரைப் பக்கம் வீசியது. ஆனால் 1969இல் அலாஸ்காவின் பாரோ பகுதியில் நடந்த ஆய்வு அதை அசைத்தது. ஒதுங்கிய குடியிருப்புகளில் வளர்ந்த 131 பெரியவர்களில் இருவருக்கு மட்டுமே கிட்டப்பார்வை; பள்ளி சென்ற அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேல். பரம்பரை ஒரு தலைமுறையில் அப்படி மாறாது.

திருப்பம் 2008இல் வந்தது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் 6, 7 வயதுச் சீன இனக் குழந்தைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். கிட்டப்பார்வை உள்ள பெற்றோர் இரு நகரங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆயினும் குறைபாடு சிங்கப்பூரில் 29.1 சதவீதம், சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிக் குழந்தைகள்தான் வாரத்தில் அதிகப் புத்தகங்களும் படித்தார்கள்! பெரிய வேறுபாடு ஒன்றில் இருந்தது: வெளியில் கழித்த நேரம் சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி.

வெளியில் அப்படி என்ன இருக்கிறது? ஓடியாடுவதை விட வெளிச்சமே முக்கியம் என்று தெரிகிறது. வகுப்பறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான். வெளியில் பகலில் பத்தாயிரத்தைத் தாண்டும். பிரகாசமான ஒளியில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளை அதிகம் சுரக்கிறது என்றும், அது விழி நீள்வதைத் தடுக்கிறது என்றும் பலர் கருதுகின்றனர். கோழிக்குஞ்சுகளில் செய்த சோதனைகள் இதற்கு ஆதரவாக உள்ளன. மர நிழலில் இருந்தாலும் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு ஒளி கிடைக்கும். ஆகவே உச்சி வெயிலில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்தனர். அவற்றில் பாதியில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் (2015இல் வெளியான முடிவு). தைவான் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியே என்ற திட்டத்தைப் பள்ளிகளில் நடத்தி வருகிறது. ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாடு அங்கே 2012க்குப் பின் சற்று இறங்கியது.

இந்தப் பலன் குறைபாடு வராமல் தடுப்பதில்தான் அதிகம். ஏற்கெனவே வந்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அவர்களுக்குக் கண்ணாடியும் மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். ஆகவே தொடக்கப் பள்ளி வயதில்தான் வெளியே செல்லும் நேரத்துக்கு மதிப்பு அதிகம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பெரும்பாலும் அந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது.