உண்டியல் காசு யாருக்கு?

கொடி தினங்களில் உண்டியல் குலுக்கிய உடப்பு மாணவிகள் நாங்கள். அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு போராட்டம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் நவம்பர் 11 அன்று இலங்கையில் விற்ற பொப்பி மலர்ப் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் போர்வீரர்களுக்கே போயிற்று. 1931இல் தோன்றிய சூரியமல் இயக்கம், அதே நாளில் சூரியமல் விற்று, காசை நாட்டு மக்களுக்கே செலவிட்டது. சூரியமல் வேறொன்றுமல்ல, நம் பூவரசம்பூதான். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அதன் தொண்டர்கள் கிராமங்களுக்குச் சென்று உதவினார்கள்.

காசு யாருக்கு என்று முதலில் கேட்டதே அவர்கள் விட்டுச்சென்ற பாடம். இன்று சேர்க்கும் பிள்ளைகளுக்கும் அதுவே விதியாகட்டும்: அதிபரின் அனுமதி, பற்றுச்சீட்டு, பகிரங்கக் கணக்கு. கொடுக்க இயலாத பிள்ளையை வற்புறுத்தலாகாது. கரைவலைப் பங்குக்குக் கணக்குக் கேட்கும் ஊர் நம்முடையது, உண்டியலுக்கும் கேட்போம்.